ஃப்ரீமேசன் லாட்ஜும் அதன் தர்மமும்



நம் ஆழ்வார்குறிச்சிப் பக்கத்தில் "லாட்ஜ்" என்றால், குற்றாலத்துக்கும் பாபநாசத்துக்கும் வருகிறவர்கள் தங்கும் விடுதிதான். ஃப்ரீமேசன் என்ற சங்கத்தாரும் தங்கள் கிளையை லாட்ஜ் என்றே அழைக்கிறார்கள். இவர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு கூடுவதால் பலர் பயப்படுகிறார்கள். இவர்கள் செய்யும் தர்மத்தைப் பார்த்துச் சிலர் புகழுகிறார்கள். காணிக்கை கொடுத்துப் பழகிய நாம் இரண்டையும் நிதானித்து அறிவது நல்லது.

"மேசன்" என்றால் கொத்தனார். ஐரோப்பாவில் கல் கட்டட வேலைக்காரர் சங்கங்களில் இருந்த வழக்கங்களை, பிற்காலத்தில் அந்தத் தொழில் செய்யாதவர்களும் எடுத்துக்கொண்டார்கள். ஆகவேதான் மூலைமட்டமும் கவராயமும் இவர்களுடைய அடையாளம். 1717-ல் லண்டனில் நான்கு லாட்ஜுகள் கூடித் தலைமைச் சங்கத்தை ஏற்படுத்தியதாகச் சொல்லுவது வழக்கம். சென்னையில் முதல் லாட்ஜ் 1752-ல் ஏற்பட்டது.

அது வெள்ளைக்காரருடைய சங்கமாகவே தொடங்கிற்று. ஆனாலும் 1770-களில் ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உமாரா திருச்சிராப்பள்ளியில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். நம் திருநெல்வேலிச் சீமையும் அந்நாளில் அந்த நவாபின் ஆட்சிக்கு உட்பட்டதே. நவாபின் மகனுக்குத் திறந்த கதவு எல்லாருக்கும் திறக்கவில்லை. கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத் என்ற இந்து 1863-ல் மனுச்செய்து, 1872-ல்தான் உள்ளே போக முடிந்தது. சுதந்திரத்துக்குப் பின், 1961 நவம்பர் 24-ல் இந்தியாவுக்கென்று தனித் தலைமைச் சங்கம் உண்டாயிற்று. ராம்பூர் நவாப் சையத் ரசா அலி கான் அதன் முதல் தலைவர். வேதாகமம், கீதை, குர்ஆன் முதலிய நூல்களை இவர்கள் கூடுகையில் ஒன்றாக வைக்கிறார்கள். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு அங்கே இடமில்லை, பெண்களுக்கும் இல்லை.

புதிதாகச் சேருகிறவரிடமிருந்து பணம் முதலானவற்றை முன்பே வாங்கி வைத்துவிட்டு, பிறகு, "ஏழைகளுக்கு ஏதாவது கொடும்" என்று கேட்பார்கள். கொடுக்க ஒன்றுமில்லாமல் அவர் நிற்கவேண்டும். இல்லாதவனுடைய நிலையை ஒருமுறையாவது உணர்ந்து, அவனை மறவாதிருக்கவே இந்த வழக்கம்.

ஆனால் அந்தத் தர்மம் வெகுகாலம் தங்கள் சகோதரர், அவர்களுடைய விதவைகள், பிள்ளைகள் என்ற வட்டத்துக்குள்ளேயே பெரும்பாலும் நின்றது. 1788-ல் லண்டனில் ரஸ்பினி என்ற பல் மருத்துவர் முயற்சியால் உண்டான பெண்கள் பள்ளி, மேசன்களின் 15 பிள்ளைகளோடு தொடங்கிற்று. மிக நீண்ட காலத்துக்குப் பின்பே மற்றவர்களுடைய பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. நம் கோயம்புத்தூரில் மேசன் சங்கத்தார் ஏற்படுத்திய குழந்தைகள் மருத்துவமனையைப் பாருங்கள். அங்கே காய்ச்சலோடு வரும் பிள்ளையின் தகப்பன் மேசனாக இருக்கவேண்டியதில்லை. வட்டம் அவ்வளவு விரிந்திருக்கிறது.

கிறிஸ்தவர்கள் இதில் சேரலாமா என்று கேட்பீர்கள். ரோமன் கத்தோலிக்க சபை 1738 முதல் தடை செய்திருக்கிறது. 1983-லும் 2023-லும் அதை உறுதிசெய்தது. 1945 முதல் 1961 வரை கேன்டர்பரி பேராயராயிருந்த ஜெஃப்ரி ஃபிஷர் ஒரு மேசன். ஆயினும் அவருடைய இங்கிலாந்து திருச்சபையே, இது விசுவாசத்தோடு ஒத்துப்போகுமா என்று 1987-ல் பலத்த கேள்விகளை எழுப்பிற்று. இயேசுவின் நாமம் இல்லாத ஜெபங்கள் அதற்கு ஒரு முக்கிய காரணம். அந்தக் கேள்விகள் எனக்கும் உண்டு. நான் சேரச் சொல்லமாட்டேன். அதற்காக அவர்கள் செய்த நன்மையை இல்லையென்று சொல்லுவதும் நியாயமல்ல.

இன்னொரு கேள்வி நம்மிடத்தில் வருகிறது. நம் சபை, நம் ஊர், நம் சாதி என்று நாம் கொடுப்பதற்கும் வட்டம் போடுகிறோம் அல்லவா? திருநெல்வேலிச் சபைகளில் அந்தக் கோடு எங்கே விழுகிறதென்று உங்களுக்குத் தெரியும். நல்ல சமாரியன், வழியில் கிடந்தவனுடைய ஊரையும் இனத்தையும் விசாரிக்கவில்லை. அடுத்த முறை எந்தத் தர்மத்துக்குக் கொடுத்தாலும், அது யாரைத் தொடுகிறது, யாரை விட்டுவிடுகிறது என்று விசாரித்துக் கொடுங்கள். எங்களையும் அப்படியே கேளுங்கள்.

உங்கள் ஊழியன்,
மருத்துவமனைப் போதகர்