பெருந்தொற்றுக் காலத்தில் உறுப்பு மாற்று அறுவை: ஒத்திப்போடலாமா?

மாற்றுச் சிறுநீரகத்திற்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள்கூடப் பெருந்தொற்றின்போது, "கொரோனா ஓயட்டும் டாக்டர், பிறகு பார்க்கலாம்" என்றனர். இத்தயக்கத்தை நாங்கள் குறைகூறவில்லை. 2020 மார்ச் மாதம் ஊரடங்கு தொடங்கியபோது, அவசரமற்ற மாற்று அறுவைகளை மருத்துவமனைகளே நிறுத்திவைத்தன.

அச்சத்திற்குக் காரணமும் உண்டு. புதிய உறுப்பை உடல் அயற்பொருளாகக் கருதித் தாக்காதிருக்க டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட் போன்ற மருந்துகளைத் தருகிறோம். இவை நோய் எதிர்ப்பாற்றலைத் தணிப்பவை. முதல் சில மாதங்களில் இவற்றின் அளவும் மிகுதி. அந்நிலையில் தொற்று ஏற்பட்டால் அது கடுமையாகக்கூடும்.

ஆனால் காத்திருப்பதும் பாதுகாப்பான வழியன்று. டயாலிசிஸ் செய்துகொள்பவர் பொதுவாக வாரம் மூன்று முறை வீட்டைவிட்டுப் புறப்பட்டு, பலர் படுத்திருக்கும் அறையில் ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இருக்க வேண்டியவர். அவருடைய எதிர்ப்பாற்றலும் ஏற்கெனவே குன்றியதே. மருத்துவமனைக்கு அஞ்சி அறுவையை மறுப்பவர் மருத்துவமனைக்கு வந்துகொண்டேதான் இருக்கிறார். எனினும், டயாலிசிஸில் உடல்நிலை சீராக உள்ளவர், ஊரில் தொற்று உச்சத்தில் இருக்கும் சில வாரங்கள் பொறுத்திருப்பதில் தவறில்லை. கல்லீரல் முற்றிலும் செயலிழந்தவருக்கு அந்த அவகாசம் இல்லை. டயாலிசிஸ் போல நெடுநாள் தாங்கும் ஏற்பாடு கல்லீரலுக்குக் கிடையாது.

கொடையளிக்கும் உறவினரும் அஞ்சுகின்றனர். (அவர்களுள் பெரும்பாலோர் மனைவியரும் தாய்மாருமே என்பதை இல்லத்து ஆடவர் சற்று எண்ணிப்பார்க்கலாம்.) கொடையாளருக்கு எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்து தரப்படுவதில்லை. அறுவைக்கு முன் இருவருக்கும் தொற்றுப் பரிசோதனை செய்கிறோம்.

எங்களை மிகவும் கவலைகொள்ளச் செய்வது வேறொன்று. ஏற்கெனவே மாற்றுறுப்புப் பெற்ற சிலர், தொற்றுக்கு அஞ்சி மாத்திரைகளைத் தாமாகவே குறைத்துவிடுகின்றனர். இதனால் உறுப்பையே இழக்க நேரலாம். காய்ச்சல் கண்டால் உடனே எங்களை அழையுங்கள்; எந்த மருந்தை எவ்வளவு குறைப்பது என்பதை இரத்தப் பரிசோதனையைப் பார்த்து நாங்கள் முடிவுசெய்வோம்.

தடுப்பூசியை இயன்றவரை அறுவைக்கு முன்பே போட்டுக்கொள்வது நன்று. அறுவைக்குப் பின் அதன் பலன் குறைவு. ஆகவே உடனிருப்போரும் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும்.

மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புக்காகப் பட்டியலில் காத்திருப்போர், தயக்கமிருப்பின் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளரிடம் இப்போதே பேசிவிடுங்கள். அழைப்பு நள்ளிரவிலும் வரலாம். உடலுக்கு வெளியே சிறுநீரகம் ஏறத்தாழ ஒரு நாளும், இதயம் நான்கு முதல் ஆறு மணி நேரமுமே தாங்கும். குடும்பத்தார் கூடி யோசிக்க அப்போது நேரமிராது.