பழைய டியூப்பும் பலமான காலும்



ஒரு சின்னப் பரீட்சையோடு ஆரம்பிப்போம். பத்திரிகையைக் கொஞ்சம் கீழே வையுங்கள். சுவரோரமாக நாற்காலியைப் போட்டு, அதில் உட்காருங்கள். இரண்டு கைகளையும் மார்பின்மேல் குறுக்காகக் கட்டிக்கொள்ளுங்கள். கையை எங்கும் ஊன்றாமல் முழுசாக எழுந்து நின்று, மறுபடி உட்காருங்கள். இப்படி ஐந்து தடவை. வீட்டில் ஒருவர் கடிகாரத்தைப் பார்க்கட்டும்.

பதினைந்து வினாடிக்குள் முடித்துவிட்டீர்களா? நல்லது. அதற்குமேல் ஆனதா? அல்லது மூன்றாவது தடவையே கை தானாகத் தொடையில் ஊன்றப் போனதா? அப்படியானால் உங்கள் காலில் பலம் குறைந்துகொண்டு வருகிறது என்று அர்த்தம். வயதானவர்களின் தசை பலத்தைச் சோதிக்க டாக்டர்களும் இதே பரீட்சையைத்தான் வைக்கிறார்கள்.

"என்னங்க இது! விடியக்காலையில பிரட்டுக்குப் போயி, மத்தியானம் வரைக்கும் காட்டுல மேடு பள்ளம்னு நடக்கிற ஆளுக்குக் காலுல பலம் இல்லைன்னா யாருக்குங்க இருக்கும்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். பால்மரம் வெட்டுகிறவர் நிரை நிரையாக நடக்கிறார். செம்பனைக் குலை அறுக்கிறவர் தள்ளுவண்டியோடு மல்லுக்கட்டுகிறார். உதிரிப் பழம் பொறுக்குகிற அம்மா நாளெல்லாம் குனிந்து நிமிர்கிறார். இது உழைப்பு இல்லை என்று யார் சொன்னது?

ஆனால் தசையின் குணம் ஒன்று இருக்கிறது. பழகிய சுமையை அது கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. இருபது வருஷமாக அதே காடு, அதே நடை, அதே வாளி என்றால், உடம்பு களைக்கிறதே தவிர பலம் ஏறுவதில்லை. பழகியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால்தான் தசை, 'ஓகோ, நாம் இன்னும் வளர வேண்டும் போலிருக்கிறது' என்று விழித்துக்கொள்ளும். இன்னொன்று, நம் நடையெல்லாம் முன்னோக்கிய நடை. பக்கவாட்டில் காலை விரித்து இழுக்கிற வேலை காட்டில் எங்கே இருக்கிறது?

அந்தப் பக்கவாட்டுத் தசை எது என்று தெரிய வேண்டுமா? வலது கையை வலது இடுப்பின் பக்கத்தில், எலும்புக்குச் சற்றுக் கீழே வையுங்கள். இப்போது வலது காலில் மட்டும் நில்லுங்கள். கையின் கீழ் ஏதோ இறுகுகிறது அல்லவா? அதுதான். நாம் ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும், ஒற்றைக் காலில் நிற்கும் அந்த நொடியில் இடுப்பு ஒரு பக்கம் சரிந்துவிடாமல் தாங்கிப் பிடிப்பது அந்தத் தசை. அது தளர்ந்தால் உடம்பு இப்படியும் அப்படியும் ஆடி ஆடி நடக்கும். முழங்காலுக்கும் இடுப்புக்கும் தொல்லை கூடும். ஈரச் சரிவில் கால் வழுக்கினால் சமாளித்து நிற்கவும் முடியாது.

இதைக் கேட்டால் ஏதோ தேகப்பயிற்சி சங்கதி என்று நினைப்பீர்கள். ஒரு வயதான அம்மா என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ராத்திரியில தண்ணி குடிக்கிறதே இல்லீங்க. குடிச்சா கக்கூசுக்குப் போகணும். குந்துனா எந்திரிக்க முடியலை. மருமகளைக் கூப்பிடணும். வெக்கமா இருக்கு." முப்பது வருஷம் பால் வாளி சுமந்த அம்மா. வெயில் காலத்தில் நாக்கு வறண்டு படுத்திருக்கிறார். நோய் என்று சொல்ல ஒன்றுமில்லை, தொடையில் பலம் இல்லை, அவ்வளவுதான். ஐம்பதைத் தாண்டிய பிறகு பத்து பத்து வருஷமாகத் தசை கரைகிறது. தசையின் பருமன் குறைவதைவிட அதன் பலம் இன்னும் வேகமாகக் குறைகிறது. 2013-ஆம் ஆண்டு ஜூலை முதல் நம் நாட்டில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. அறுபதில் வேலையை விட்டு, தாமான் வீட்டுக்கோ அடுக்குமாடிக்கோ போனபின், மாடிப்படி ஏற வேண்டியது இந்தக் கால்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். கணுக்காலில் ரப்பர் பட்டை மாட்டிச் செய்யும் பயிற்சி இப்போது எங்கும் பரவியிருக்கிறது. விளையாட்டுச் சாமான் கடைகளில் மஞ்சள், சிவப்பு, பச்சை என்று கலர் கலராகத் தொங்குகிறது. அவற்றில் பல, மரத்திலிருந்து எடுத்த பாலில் செய்தவை. நம் மங்கில் வடிந்தது கண்ணாடிக் கடைக்குப் போய், விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டு நமக்கே திரும்பி வருகிறது! காசு இருப்பவர்கள் வாங்கிக்கொள்ளுங்கள், தவறில்லை. இல்லாதவர்களுக்குப் பழைய சைக்கிள் டியூப் போதும்.

டியூப்பில் வால்வு இருக்கும் இடத்தை வெட்டி எறிந்துவிடுங்கள். மிச்சத்தில் மூன்றடி நீளம் எடுங்கள். சோப்புப் போட்டுக் கழுவி நிழலில் காய வையுங்கள். இரண்டு முனைகளையும் சேர்த்து இறுக்கமாக இரட்டை முடிச்சுப் போட்டால் ஒரு வளையம் கிடைக்கும். இரண்டு கால்களையும் அதற்குள் விட்டு, பாதங்களை ஒரு சாண் அகலத்தில் வைத்தால் வளையம் தொய்யாமல் லேசாக நிற்க வேண்டும். மிகவும் இழுத்தால் டியூப்பைக் கொஞ்சம் நீளமாக விட்டுக் கட்டுங்கள். மோட்டார் சைக்கிள் டியூப் தடிப்பானது. ஆரம்பத்தில் அது வேண்டாம். வெயிலில் கிடந்து வெடிப்பு விட்ட டியூப்பும் வேண்டாம். இழுக்கும்போது அறுந்தால் சுளீரென்று அடிக்கும், ஆளும் விழுவார். ஒவ்வொரு தடவையும் மாட்டுமுன் இழுத்துப் பார்த்து, கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். வேலை முடிந்ததும் பத்திரமாக எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் பையன்கள் லாஸ்டிக் செய்யக் கொண்டு போய்விடுவார்கள்!

வெறும் தோலில் மாட்டாதீர்கள். நீளமான காலுறையோ சிலுவாரோ போட்டு, அதன்மேல் கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே வளையம் உட்காரட்டும். முடிச்சு எலும்பை அழுத்தாமல் இரண்டு காலுக்கும் நடுவில் இருக்கட்டும்.

கணுக்காலில் ஏன், முழங்காலில் மாட்டினால் ஆகாதா என்று கேட்பீர்கள். காண்டா தூக்கிய பெரியவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். வாளி தோளுக்குக் கிட்டே தொங்கினால் ஒரு கனம், கம்பின் நுனிக்குப் போனால் இன்னொரு கனம். வாளி அதே வாளிதான். அதுபோல, பட்டை இடுப்பைவிட்டுத் தள்ளிப் போகப் போக இடுப்புத் தசைக்குச் சுமை கூடும். ஆகவே பலம் குறைந்தவர்களும் வயதானவர்களும் முதல் இரண்டு வாரம் முழங்காலுக்குச் சற்று மேலே மாட்டிப் பழகட்டும். பிறகு கணுக்காலுக்கு இறக்கலாம். ரப்பருக்கு இன்னொரு சௌகரியம் உண்டு. மணல் மூட்டை எப்போதும் ஒரே கனம். ரப்பர் அப்படியல்ல. நீட்ட நீட்டத்தான் எதிர்த்து இழுக்கும். உங்களால் முடிந்த அளவோடு நீங்களே நிறுத்திக்கொள்ளலாம்.

முதல் பயிற்சிக்கு ஜன்னல் கம்பியையோ வாசல் நிலையையோ பிடித்துக்கொண்டு நேராக நில்லுங்கள். ஒரு காலைப் பக்கவாட்டில் மெதுவாக விரியுங்கள். ஒரு முழம் போனால் தாராளம். கால் விரல்கள் முன்னால் பார்த்தபடியே இருக்க வேண்டும். உடம்பை எதிர்ப் பக்கம் சாய்த்து ஏமாற்றக் கூடாது. அப்படிச் சாய்ந்துதான் எல்லாரும் காலை உயரத் தூக்குகிறார்கள். அதில் பலன் பாதிதான். ஒன்று, இரண்டு என்று எண்ணி விரித்து, மூன்று, நான்கு, ஐந்து என்று எண்ணித் திரும்ப வாருங்கள். காலைப் பட்டென்று விட்டுவிடாதீர்கள். திரும்ப வரும்போதும் தசை வேலை செய்கிறது. ஒரு காலுக்குப் பத்து தடவை, அப்புறம் மறு கால். எண்ணுவதை வாய்விட்டு எண்ணுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு செய்தால் ரத்த அழுத்தம் ஏறும். வாய் எண்ணிக்கொண்டிருந்தால் மூச்சை அடக்க முடியாது.

அதே நிலையில் காலைப் பின்னால் நீட்டினால் பிட்டத்துத் தசைக்கு வேலை. இதில் முதுகு வளையக் கூடாது. கால் ஒரு சாண் பின்னால் போனாலே போதும்.

முழங்கால் வலிக்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது உட்கார்ந்து செய்வதைத்தான். பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு பாதத்தைத் தரையில் அழுத்தி வைத்து, மற்றக் காலை முன்னால் நீட்டி முழங்காலை நேராக்குங்கள். தொடையின் முன்பக்கம் கல்லாக இறுகும். மூன்று எண்ணும்வரை பிடித்து, மெல்ல இறக்குங்கள். முழங்கால் தேய்மானத்துக்கு வைத்திய உலகம் முதல் வரிசையில் வைக்கும் சிகிச்சைகளில் பயிற்சி ஒன்று. மாத்திரை வலியை மறக்கச் செய்யும், தொடைக்குப் பலம் தராது. அதிலும் பெயர் தெரியாத பாக்கெட் மாத்திரைகள், "மூணே நாளில் மூட்டு வலி போச்சு" என்று விற்கும் ஜாமுப் பொடிகள் - இவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சே கண்டுபிடித்துப் பலமுறை எச்சரித்திருக்கிறது. தயவுசெய்து தொடாதீர்கள்.

கால் கொஞ்சம் தேறியபின், வீட்டு அஞ்சடியில் பக்கவாட்டு நடை. முழங்காலை லேசாக மடக்கி, நண்டு மாதிரி எட்டு அடி இந்தப் பக்கம், எட்டு அடி அந்தப் பக்கம். பிள்ளைகள் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்களையும் கூடவே நடக்கச் சொல்லுங்கள். கடைசியில் பட்டையைக் கழற்றிவிட்டு, ஆரம்பத்தில் செய்த அந்த உட்கார்ந்து எழும் பரீட்சையைப் பத்து தடவை செய்யுங்கள். அதுவே ஒரு பயிற்சிதான். கக்கூசில் எழ முடியாத அந்த அம்மாவுக்கு இதுதான் முக்கியம். முதலில் உயரமான பெஞ்சு, அப்புறம் நாற்காலி, அப்புறம் குட்டை முக்காலி என்று இருக்கையைப் படிப்படியாகத் தாழ்த்திக்கொண்டே வர வேண்டும்.

எல்லாம் சேர்ந்து பதினைந்து, இருபது நிமிஷம். வாரத்தில் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன கணக்குப்படி தசைக்குப் பலம் தரும் பயிற்சி வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்கள் நிலை தடுமாறாமல் இருக்கும் பயிற்சியும் கலந்து மூன்று நாள் செய்ய வேண்டும். காட்டுக்குப் புறப்படுமுன் செய்யாதீர்கள். களைத்த காலோடு சரிவில் இறங்குவது ஆபத்து. சாயந்திரம் செய்துவிட்டுக் குளியுங்கள். மறுநாள் தசை கொஞ்சம் கனக்கும், இரண்டு நாளில் போய்விடும். மூட்டுக்குள் குத்துகிற வலி வந்தால் மட்டும் நிறுத்துங்கள். பன்னிரண்டு தடவை சிரமமில்லாமல் வந்துவிட்டால் முடிச்சை அவிழ்த்து டியூப்பைக் கொஞ்சம் குறுக்கிக் கட்டுங்கள். பழகிய சுமை பலம் தராது என்று சொன்னேனே!

இனிப்பு நீர் உள்ளவர்கள் இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள். 2019-இல் சுகாதார அமைச்சு எடுத்த கணக்கெடுப்பில் நம் நாட்டுப் பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு 31. சாப்பாட்டுக்குப் பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும் பங்கை எடுத்துக்கொள்வது தசைகள். உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் இருக்கின்றன. ஆகவே இந்தப் பயிற்சி உங்களுக்குத்தான் மிகவும் அவசியம். அதே சமயம், கால் மரத்துப்போனவர்கள் கணுக்காலில் பட்டை மாட்டக் கூடாது. அழுத்துவதும் தெரியாது, தோல் கிழிவதும் தெரியாது. சின்னக் காயம் புண்ணாகி, புண் புரையோடி, கடைசியில் காலையே எடுக்க வேண்டிய நிலை வரும். நீங்கள் முழங்காலுக்கு மேலேயே மாட்டுங்கள். முடிந்ததும் காலைச் சுற்றிப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். காலில் ஆறாத புண் இருந்தால் பட்டையே வேண்டாம், முதலில் கிளினிக்குக்குப் போங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் செய்யாதீர்கள்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகிச் சிவந்திருந்தால் அது ரத்தக் கட்டியாக இருக்கலாம். பட்டையும் வேண்டாம், எண்ணெய் போட்டு உருவவும் வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரப்பர் பட்டால் தோல் தடித்து அரிப்பவர்கள், இடுப்பிலோ முழங்காலிலோ அறுவை செய்தவர்கள், கர்ப்பிணிப் பெண்கள் ஆகியோர் டாக்டரையோ தாதியையோ கேட்டபின் செய்யட்டும்.

வேலைக் காட்டில் வழுக்கி விழுந்து முழங்கால் வலி வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. "டியூப் கட்டி நானே சரி பண்ணிக்கிறேன்" என்று இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே மண்டோரிடமும் ஆபீசிலும் சொல்லிப் பதிய வையுங்கள். கிளினிக்குச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு 1969-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சொக்சோவில் மருத்துவச் செலவு மட்டுமல்ல, உடற்பயிற்சிச் சிகிச்சைக்கும் வழி உண்டு. எழுத்தில் இல்லாத விபத்தை ஆறு மாசம் கழித்து நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்கள் கிளைச் செயலாளரைக் கேட்டுப் பாருங்கள். படிவம் நிரப்ப உதவி வேண்டுமென்றாலும் அவரையே பாருங்கள். சீட்டையும் அடையாளக் கார்டையும் கையோடு கொண்டு போங்கள்.