போட்டியும் மகிழ்வும்: அமெச்சூர் மோட்டார் சைக்கிள் ட்றயல்ஸ் பற்றிய ஒரு நோக்கு

விளையாட்டின் உயிர்நிலை போட்டியா, மகிழ்வா என்னும் வினா புதியதன்று. டச்சு வரலாற்றறிஞர் ஜொஹான் ஹூய்சிங்கா 1938இல் வெளியிட்ட 'ஹோமோ லூடன்ஸ்' என்னும் நூலில் விளையாட்டைப் பண்பாட்டின் அடிப்படைக் கூறுகளுள் ஒன்றாகக் கொண்டு ஆராய்ந்தார். பிரெஞ்சு அறிஞர் றொஜே கையுவா 1958இல் விளையாட்டுகளைப் போட்டி, வாய்ப்பு, போலச்செய்தல், தலைச்சுற்றல் என நான்காக வகுத்தார். இவ்வகுப்பில் மகிழ்வு தனியொரு பிரிவாக இடம்பெறவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. போட்டி மகிழ்வுக்கு எதிரானதன்று. மகிழ்வை அடையும் வழிகளுள் அதுவும் ஒன்று என்பதே இதன் உட்கிடை. அவ்வாறாயின் நடைமுறையில் இவ்விரண்டும் முரண்படுவது ஏன்? இவ்வினாவைப் பிரித்தானியாவில் உருப்பெற்ற மோட்டார் சைக்கிள் ட்றயல்ஸ் என்னும் விளையாட்டினை ஆதாரமாகக் கொண்டு ஆராய்வோம்.

ட்றயல்ஸ் விரைவோட்டம் அன்று. பாறை, சேறு, ஓடைப்படுகை, மரவேர் நிறைந்த சரிவு ஆகியவற்றினூடே குறுகிய தூரங்கள் 'பிரிவு'களாகக் குறிக்கப்படும். அவற்றைக் கால் நிலத்தில் ஊன்றாது கடப்பதே ஓட்டுநரின் பணி. ஒரு முறை ஊன்றினால் ஒரு தண்டப்புள்ளி; இரு முறைக்கு இரண்டு; அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினும் மூன்று. வண்டி வீழ்ந்தாலோ எல்லையைத் தாண்டினாலோ ஐந்து. எங்கும் ஊன்றாது கடந்தவருக்குப் பூச்சியம். ஆகக் குறைந்த புள்ளி பெற்றவரே முதல்வர். சாதாரண கழகப் போட்டியொன்றில் பத்துப் பிரிவுகளை நான்கு சுற்று ஓட்டுதல் வழக்கம். ஒவ்வொரு பிரிவிலும் ஓர் அவதானிப்பாளர் நின்று புள்ளியிடுவார். அவர் ஊதியம் பெறாதவர்.

இவ்வமைப்பில் ஓட்டுநர் முதலில் எதிர்கொள்வது சக ஓட்டுநரையன்று, நிலத்தையே. ஒருவர் பிரிவினுள் இருக்கையில் மற்றவர்கள் கரையில் நின்று அவர் எடுத்த வழியைக் கவனிப்பர். ஈரப்பாறையில் எங்கே சில்லு வழுக்கிற்று என்பதை அவருக்கே எடுத்துச் சொல்வர். போட்டியாளர்கள் ஒருவருக்கொருவர் ஆசிரியராவது பல விளையாட்டுகளில் காணக் கிடையாத பண்பு. எனினும் புள்ளி இல்லையேல் இக்கவனமும் இல்லை. எவரும் கணக்கெடுக்காத மலையோட்டத்தில் ஒரு முறை கால் ஊன்றுவது பொருட்டன்று. அவதானிப்பாளர் முன்னிலையில் அதுவே ஒரு நாளின் பேறு. அதாவது, போட்டியே இங்கு மகிழ்வுக்குக் கூர்மை தருகின்றது.

இவ்விளையாட்டின் வரலாறும் சிந்தனைக்குரியது. 1879இல் ஹென்லி படகோட்டப் போட்டியின் நிர்வாகிகள் வகுத்த 'அமெச்சூர்' வரைவிலக்கணம் கைவினைஞர், பொறிவினைஞர், கூலியாளர் ஆகியோரை விலக்கி வைத்தது. 'விருப்பத்துக்காக விளையாடுதல்' என்னும் இலட்சியம் உழைப்போரைப் புறந்தள்ளும் வேலியாகவும் பயன்பட்டது என்பதற்கு இது சான்று. ட்றயல்ஸின் தோற்றத்தில் இதற்கு மாறானதொரு போக்கையும் காண்கின்றோம். வடஇங்கிலாந்தின் யோர்க்ஷயரில் இன்றும் நடைபெறும் ஸ்கொட் ட்றயல், மோட்டார் சைக்கிள் உற்பத்தியாளர் அல்பிரட் அங்கஸ் ஸ்கொட் 1914இல் தம் தொழிற்சாலைத் தொழிலாளருக்கு விடுத்த சவாலிலிருந்து தோன்றியது. 1901இல் அமைக்கப்பட்ட மோட்டார் சைக்கிள் கழகம் மற்றொரு மரபை வளர்த்தது. அதன் நெடுந்தூர ட்றயல்களில் ஒட்டுமொத்த வெற்றியாளர் எனத் தனியொருவர் இல்லை. விதித்த தரத்தை எட்டியோர் எத்தனை பேராயினும் அனைவரும் பதக்கம் பெறுவர். ஒருவரின் பேறு மற்றவரின் இழப்பாகாத போட்டி இது.

தொழிற்சாலைகள் இவ்விளையாட்டை விளம்பரக் களமாக்கியபோது நிலைமை மாறியது. எமது வாசகர் நன்கறிந்த றோயல் என்ஃபீல்ட் புல்லட்டின் பின்புற ஊசலாடு தாங்கமைப்பு, 1948இல் இங்கிலாந்தின் கொல்மோர் கிண்ண ட்றயலில்தான் மக்கள் முன் வந்தது; பின்னர் சென்னையில் உருவான வண்டியின் முன்னோடி அது. 1964இன் பிற்பகுதியில் சாமி மில்லர் பார மிகுந்த ஏரியல் வண்டியை விட்டு ஸ்பானிய நிறுவனமான புல்ராக்கோவுக்கு மாறினார். மறு ஆண்டே அவ்விலகு வண்டியில் ஸ்கொட்லாந்தின் ஆறு நாள் ட்றயலில் வென்றார். 1975இல் உலகச் சாம்பியன் போட்டி தொடங்கியது. வண்டி இலகுவாக ஆக, முன்னணி ஓட்டுநரைச் சோதிப்பதற்குப் பிரிவுகள் கடினமாயின. பிரிவுகள் கடினமாக ஆக, வண்டி மேலும் இலகுவாக வேண்டியதாயிற்று. 2007 முதல் 2024 வரை பதினெட்டு ஆண்டுகள் தொடர்ந்து உலகப் பட்டம் வென்ற ரொனி போவின் ஆற்றல் வியத்தற்குரியதே. ஆயினும் ஆளுயரப் பாறையின் மீது தாவி ஏறும் அக்கலை முழுநேரப் பயிற்சியின் விளைவு. வாரம் ஐந்து நாள் வேலை செய்து ஞாயிறன்று வண்டியேறும் ஒருவருக்கு அது அளவுகோலாகாது.

அமெச்சூர் கழகத்தின் சிக்கல் இங்குதான் எழுகின்றது. பிரிவுகளை அமைப்பவர் எவரை மனத்திற் கொண்டு அமைக்கின்றார்? முன்னணியினர் மூவரைப் பிரித்தறியும் நோக்குடன் அமைத்தால், எஞ்சிய நாற்பது பேர் பிரிவுதோறும் ஐந்து புள்ளி இழந்து, இருநூறு என்னும் உச்சத்தை அணுகுவர். அந்நாற்பதின்மருள் எவர் வல்லவர் என்பதை அப்பிரிவுகள் காட்டமாட்டா. எல்லோரும் பூச்சியம் பெறும் பிரிவு எதனையும் அளக்காதது போலவே, எல்லோரும் ஐந்து பெறும் பிரிவும் எதனையும் அளப்பதில்லை. எனவே மிகைக் கடுமை மகிழ்வை மாத்திரமன்றிப் போட்டியையும் அழிக்கின்றது. பிரிவுகள் இலகுவானால் கவனப்பிழையொன்றே முதலிடத்தைத் தீர்மானித்துவிடும் என்பர் முன்னணியினர். இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் புள்ளி சமமாகுமிடத்து அதிக பூச்சியம் பெற்றவரை முதல்வராக்கும் விதி ஏற்கனவே உள்ளது. கவனப்பிழை செய்யாமையும் ஒரு திறனே.

கழகங்கள் கண்ட தீர்வுகள் சில உள. ஒரே பிரிவினுள் புதியவர், இடைநிலையாளர், வல்லுநர் எனத் தனித்தனி வழிகளைக் குறித்தல் ஒன்று. நின்று சமநிலை பேணித் தாவுதலைத் தடுக்கும் 'நில்லா' விதியைக் கைக்கொள்ளுதல் மற்றொன்று. இதனால் இளமையின் தசைவலுவை விட நெடுங்கால அனுபவம் பயன் தரும். பழைய வண்டிகளுக்கெனத் தனிப் போட்டி நடத்துதல் மூன்றாவது. ஸ்கொட்லாந்தின் கின்லொக்லெவனில் 1984இல் தொடங்கிய '1965க்கு முந்திய வண்டி'களுக்கான ட்றயல் இவ்வகையில் புகழ்பெற்றது. ஆனால் இங்கும் போட்டி மனப்பான்மை பின்கதவால் நுழைந்தது. பெயரளவிற் பழையதாகவும் உள்ளீட்டில் பெரும்பகுதி புதியதாகவும் அமைந்த விலையுயர்ந்த வண்டிகள் தோன்றவே, எது உண்மையில் பழைய வண்டி என்பதே விவாதமாயிற்று. பண வசதி திறனுக்கு ஈடாகும்போது, கடந்தகால எளிமையும் சந்தைப் பொருளாகிவிடுகின்றது.

பெரும்பாலும் பேசப்படாத மற்றொரு தரப்பினரும் உளர். மழையில் நாள் முழுதும் நிற்கும் அவதானிப்பாளர், முதல் நாளே வந்து எல்லைக்கொடி நடுபவர், தம் நிலத்தைப் பயன்படுத்த இசைபவர் ஆகியோரின் கூலியற்ற உழைப்பின் மீதே இவ்விளையாட்டு நிற்கின்றது. அவதானிப்பாளர் பலர் இதே கழகத்தின் முன்னாள் ஓட்டுநரும் இந்நாள் ஓட்டுநரின் உறவினருமாவர். நடுத்தர ஓட்டுநர் மனஞ்சலித்து விலகினால் அவரோடு இவ்வுழைப்பும் விலகும். அப்போது முன்னணி மூவருக்குப் போட்டியிடக் களமே இராது. ஆகவே பலரின் மகிழ்வு என்பது சிலரின் வெற்றிக்குச் செய்யும் சலுகையன்று. அவ்வெற்றிக்கான அடித்தளமே அதுதான்.

எனவே போட்டியா, மகிழ்வா என்பது பிழையாக எழுப்பப்பட்ட வினா எனலாம். போட்டியை அகற்றினால் மகிழ்வு கூர்மை இழக்கும். முதல்வருக்கு மாத்திரம் உரியதாகப் போட்டியைக் குறுக்கினால் மகிழ்வும் போட்டியும் ஒருங்கே கெடும். நாம் கேட்க வேண்டியது, அளவுகோலை வகுப்பவர் யார், எவருக்காக வகுக்கின்றார் என்பதே. நாற்பதாம் இடத்தவர் முப்பத்தெட்டாம் இடத்துக்கு உயரும் வாய்ப்புடன் ஞாயிறு காலையில் வண்டியேறும் கழகத்தில் போட்டியும் உண்டு, மகிழ்வும் உண்டு. அவருக்கு அவ்வாய்ப்பை மறுக்கும் கழகத்தில், வெற்றிக் கிண்ணம் எத்துணைப் பெரிதாயினும், அதனைச் சூழ நின்று கைதட்டுவோர் ஆண்டுதோறும் குறைவர்.