உப்பு நீரில் உருளைக்கிழங்கு ஏன் துவள்கிறது?

சவ்வூடு பரவல் பாடத்தில் ஒத்தசெறிவு, தாழ்செறிவு, உயர்செறிவு என மூன்று கரைசல்கள் வருகின்றன. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் கெலமங்கலம் பகுதி மாணவர்கள் பலர் இவற்றை மனப்பாடம் செய்துவிடுவர், ‘எதைவிட உயர்வு?’ என்றால் தயங்குவர். மூன்று மொழிகளிலும் ‘உப்பு’ ஒரே சொல். அதிலிருந்தே தொடங்கலாம்.

உருளைக்கிழங்கில் 5 செ.மீ. நீளத் துண்டுகள் இரண்டை நறுக்கி, ஒன்றை நல்ல நீரிலும் மற்றொன்றை அடர்ந்த உப்பு நீரிலும் முதல் பாடவேளையில் இடச் சொல்லுங்கள். மதிய உணவுக்கு முன் எடுத்தால், நல்ல நீரில் கிடந்தது விறைப்பாக இருக்கும், வளைத்தால் ஒடியும். உப்பு நீரில் கிடந்தது துவண்டு, சற்றுக் குறுகியிருக்கும்.

உப்பு உள்ளே சென்றதால் துவண்டது என்று சிலர் சொல்வர். உண்மையில் நீர்தான் வெளியேறியது. தேர்வு கடத்து சவ்வின் வழியே, கரைபொருள் குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்கு நீர் செல்கிறது. ‘உயர்’, ‘தாழ்’ என்பவை செல்லுக்குள் உள்ள திரவத்தோடு ஒப்பிட்டுச் சொல்பவை.

இரண்டும் சமமானால் ஒத்தசெறிவு. மருத்துவமனையில் ஏற்றும் 0.9 சதவீத உப்புக் கரைசல் இரத்தத்துக்கு அத்தகையது. வெறும் நீரை ஏற்றினால் சிவப்பணுக்கள் உப்பி வெடிக்கும். உருளைக்கிழங்குச் செல்லை அதன் செல்சுவர் காக்கிறது. சிவப்பணுவுக்குச் செல்சுவர் இல்லை.

இறுதியில் இப்படிக் கேளுங்கள்: தக்காளிச் செடிக்கு அளவுக்கு மீறி யூரியா இட்டால், மண் ஈரமாக இருந்தும் செடி வாடுவது ஏன்? மண்நீர் உயர்செறிவாகிவிட்டது, வேரால் நீரை உறிஞ்ச முடியவில்லை என்று மாணவர் சொன்னால், பாடம் புரிந்துவிட்டது. வீட்டில் உரம் இடும்போதும் அது பயன்படும்.