வடிவியல் வல்லார் சேஷாத்திரி

காவிரியின் கடைமடைப் பகுதியில் நிலம் அளத்தல் பழந்தொழில்களுள் ஒன்று. நூறு குழி ஒரு மா என்றும், இருபது மா ஒரு வேலி என்றும் வகுத்து, நம் முன்னோர் நன்செய் நிலங்களை அளந்தனர். நிலத்தை அளக்கப் பிறந்த கலையே வடிவியல். கிரேக்க மொழியில் அக்கலைக்கு வழங்கும் பெயரின் பொருளும் நில அளவை என்பதேயாம். வயல் வரப்போடு நின்றுவிடாது வளர்ந்த அக்கலை, கண்ணாற் காணவியலாத வடிவங்களையும் இன்று ஆராய்கின்றது. அத்துறையில் உலகப் புகழ் எய்திய தமிழகத்து அறிஞர் சி. எஸ். சேஷாத்திரி ஆவார்.

நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறையே வரும் பிப்ரவரி 29ஆம் நாளில், 1932ஆம் ஆண்டு, சேஷாத்திரி காஞ்சிபுரத்தில் பிறந்தார். உடன்பிறந்தார் பதினொருவருள் இவரே மூத்தவர். தந்தையார் செங்கற்பட்டில் பெயர் பெற்ற வழக்கறிஞராக விளங்கினார். அவ்வூரில் வளர்ந்த சேஷாத்திரி, பின்னர்ச் சென்னை இலயோலாக் கல்லூரியிற் சேர்ந்து கணிதம் பயின்று, 1953ஆம் ஆண்டில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார்.

அக்கல்லூரியில் இவருக்கு வாய்த்த ஆசிரியர் இரசீன் அடிகளார். அவர் பிரான்சு நாட்டினர். இயேசு சபைத் துறவி. வடிவியற் பேரறிஞராகிய எலி கார்த்தானிடம் பாரிசு நகரிற் பயின்றவர். தேர்வுக்குரிய பாடங்களோடு அமையாது, ஐரோப்பாவில் அந்நாளிற் புதிதாகத் தோன்றிய கணிதக் கருத்துகளையும் அவர் மாணவர்க்கு அறிமுகம் செய்தார். காரைக்கால் 1954ஆம் ஆண்டு வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தமையால், பிரெஞ்சு மொழியின் சுவடுகளை நம் ஊரில் இன்றும் காண்கிறோம். ஆட்சியாளர் வழியாக அம்மொழி இங்கு வந்தது போல, ஆசிரியர் ஒருவர் வழியாக அந்நாட்டின் கணிதம் சென்னைக்கு வந்தது. ஆட்சி அகன்றது, கல்வி நிலைத்தது.

அடிகளாரின் ஊக்கத்தால் சேஷாத்திரி 1953ஆம் ஆண்டில் பம்பாயிலுள்ள டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்திற் சேர்ந்தார். அதே ஆண்டிற் பிறந்து, அதே கல்லூரியிற் பயின்ற எம். எஸ். நரசிம்மனும் அங்கு அவருடன் சேர்ந்தார். சேஷாத்திரி 1957 முதல் 1960 வரை பாரிசில் தங்கி, செவாலே, செர் முதலிய பேரறிஞர்களின் சிந்தனைகளோடு நேரிற் பழகினார். 1958ஆம் ஆண்டில் பம்பாய்ப் பல்கலைக்கழகம் இவருக்கு முனைவர் பட்டம் அளித்தது.

இவர் ஆராய்ந்த பொருளை ஒரு சிறு சான்றால் விளக்கலாம். நீண்ட பனையோலை நறுக்கு ஒன்றை எடுத்து, அதன் இரு முனைகளையும் ஒட்டினால் வளையம் ஒன்று உண்டாகும். மற்றொரு நறுக்கை எடுத்து, ஒரு முனையை மட்டும் அரைச் சுற்று முறுக்கிய பின் ஒட்டினால் வேறொரு வளையம் உண்டாகும். முதல் வளையத்தின் வெளிப்புறத்தில் நடுக்கோட்டின் வழியே ஊரும் எறும்பு, ஒரு சுற்று முடிந்ததும் வெளிப்புறத்திலேயே நிற்கும். இரண்டாம் வளையத்தில் ஊரும் எறும்போ, ஒரு சுற்று முடிந்ததும், தான் புறப்பட்ட இடத்திற்கு நேர் மறுபுறத்தில் நிற்கும். இரண்டிலும் சிறு துண்டு ஒன்றை மட்டும் நோக்கினால் வேற்றுமை சிறிதும் தோன்றாது. முழுமையாக நோக்கும்போதே முறுக்கு வெளிப்படும். வயலில் இடந்தோறும் நாற்று நிற்பது போல, ஒரு வடிவத்தின் புள்ளிதோறும் ஒரு கோடோ, தளமோ, அதனினும் விரிந்த வெளியோ நிற்குமாயின், அத்தொகுதியைத் திசையன் கற்றை என்பர். அக்கற்றைகளின் முறுக்கை ஆராய்வதே சேஷாத்திரியின் பணியாயிற்று.

தடையின்றிப் பரந்த சமவெளியின் மேல் நிற்கும் கற்றைக்கு முறுக்கு இருத்தல் கூடுமோ? கையால் வளைத்து நிமிர்த்தலாம் எனின், எம்முறுக்கும் அங்கு அவிழ்ந்துவிடும். கூட்டல், கழித்தல், பெருக்கல் ஆகியவற்றால் அமையும் பல்லுறுப்புக் கோவைகளை மட்டுமே கருவியாகக் கொண்டு அவிழ்த்தல் வேண்டும் என விதித்தால், வினா மிகக் கடினமாகின்றது. இதனை 1955ஆம் ஆண்டில் செர் எழுப்பினார். இரு மாறிகளையுடைய தளத்திற்கு முறுக்கு இல்லை என 1958ஆம் ஆண்டில் நிறுவியவர் சேஷாத்திரி. மாறிகள் எத்தனையாயினும் இவ்வுண்மை பொருந்தும் என்பதைக் குயிலன், சுசுலின் ஆகிய இருவரும் தனித்தனியே 1976ஆம் ஆண்டில் மெய்ப்பித்தனர். ஒரு வினாவிற்கு முழு விடை காண இருபது ஆண்டுகளுக்கு மேலாயின என்றால், முதற்படியில் ஏறியவரின் அருமை விளங்கும்.

தாயகம் மீண்டபின், நரசிம்மனும் சேஷாத்திரியும் இணைந்து மற்றொரு பெருந்தேற்றத்தைக் கண்டனர். இரண்டு உளுந்து வடைகளைப் பக்கத்திற் பக்கம் ஒட்டியது போன்ற, துளைகளையுடைய பரப்பு ஒன்றை நினைத்துக்கொள்க. அதன்மேல் ஒரு கோலை ஏந்தி, துளையைச் சுற்றிவந்து, புறப்பட்ட இடத்திற்கே மீள்வதாகக் கருதுக. மீளும்போது கோல் வேறு திசையை நோக்கித் திரும்பியிருத்தல் கூடும். எவ்வழியிற் சென்றால் எவ்வளவு திரும்பும் என்னும் குறிப்பு ஒருவகை விளக்கம். அப்பரப்பின் மேல் சமன்பாடுகளால் அமையும் நிலைத்த கற்றை மற்றொரு வகை விளக்கம். தொடர்பற்றவை போலத் தோன்றும் இவ்விரண்டும் ஒன்றையே உரைக்கின்றன என 1965ஆம் ஆண்டில் இருவரும் நிறுவினர். நரசிம்மன்–சேஷாத்திரி தேற்றம் என உலகம் அதனைப் போற்றுகின்றது. 1983ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு அறிஞர் டொனால்ட்சன் அதற்குப் புதியதொரு நிறுவலைத் தந்தார். அதன்பின் இயற்பியலாரும் அதனைப் பெரிதும் பயன்கொண்டனர்.

இத்தகைய கணிதத்தாற் பயன் என்னை எனச் சிலர் வினவுவர். கிரேக்க அறிஞர் அப்பலோனியசு, கூம்பை வெட்டுவதால் தோன்றும் நீள்வட்டத்தை அறிவின் பொருட்டே ஆராய்ந்தார். ஏறத்தாழ 1,800 ஆண்டுகள் கழிந்த பின், கோள்கள் செல்லும் பாதை நீள்வட்டமே என்பதைக் கெப்ளர் 1609ஆம் ஆண்டில் வெளியிட்டார். விதைத்தவன் காணாத விளைச்சலும் உண்டு.

இதனை நன்குணர்ந்த சேஷாத்திரி, தம் முதிர்ந்த வயதில் ஒரு புதுமுயற்சியில் இறங்கினார். அந்நாளில் நம் நாட்டில் ஆராய்ச்சி ஓரிடத்தும், இளமாணவர்க்குக் கற்பித்தல் பிறிதோரிடத்துமாகப் பெரிதும் பிரிந்து கிடந்தன. இரண்டும் ஒருங்கே நிகழ வேண்டும் என விரும்பிய இவர், 1984ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்து, 1989ஆம் ஆண்டில் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் ஆதரவில் கணிதப்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதுவே சென்னைக் கணிதவியல் நிறுவனமாக வளர்ந்தது. ஆராய்ச்சியாளரே இளநிலை மாணவர்க்குக் கற்பிக்கும் முறை 1998ஆம் ஆண்டில் அங்குத் தொடங்கிற்று. நிறுவனம் 2005ஆம் ஆண்டில் சிறுசேரியில் சொந்தக் கட்டடம் கண்டது. 2006ஆம் ஆண்டில் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. இரசீன் அடிகளாரிடம் தாம் பெற்ற நலத்தைப் பின்வருவோர்க்கும் இவர் இவ்வாறு நிலைபெறச் செய்தார்.

பட்நாகர் பரிசு 1972இலும், இலண்டன் அரசவைக் கழகத்தின் உறுப்பினர் தகுதி 1988இலும், பத்மபூஷண் விருது 2009இலும் இவரை நாடி வந்தன. கருநாடக இசையை முறையாகக் கற்றுப் பாடவும் வல்லவராகத் திகழ்ந்த இப்பெரியார், 2020ஆம் ஆண்டு சூலை 17ஆம் நாள் சென்னையில் மறைந்தார்.

மாணவர்களே! அரைச் சுற்று முறுக்கி ஒட்டிய வளையத்தை நீங்களும் ஒரு தாள் நறுக்கால் செய்து, அதனை நடுக்கோட்டின் வழியே கத்தரியால் வெட்டிப் பாருங்கள். அஃது இரண்டு வளையங்களாகப் பிரியும் என எண்ணுவீர்கள். விளைவு வேறாதலைக் கண்டு வியந்து, காரணம் என்ன என வினவுங்கள். அவ்வினாவே வடிவியலின் வாயில்.