எழுவான்கரையும் படுவான்கரையும் – 9
மேற்பார்வைக்குப் போகிறவர்களின் மனம்

மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்காகப் பாடசாலைகளில் இருக்கும் விசேட கல்வி அலகுகளில் படிப்பிக்கும் ஆசிரியர்களைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். அவர்களை மேற்பார்வை செய்யப் போகிற உதவிக் கல்விப் பணிப்பாளர்களையும் ஆசிரிய ஆலோசகர்களையும் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. அந்த வேலையில் அவர்களுக்கு நிறைவு கிடைக்கிறதா?

தொழில் திருப்தி என்றதும் கல்வி நிர்வாகம் படித்த எவருக்கும் பிரெடரிக் ஹேர்ஸ்பேர்க்கின் பெயர் ஞாபகம் வரும். அமெரிக்காவின் பிட்ஸ்பேர்க் பகுதியில் பொறியியலாளர்கள், கணக்காளர்கள் 203 பேரை நேர்கண்டு, 1959இல் அவரும் சகாக்களும் ஒரு நூல் வெளியிட்டனர். சம்பளம், நிர்வாகம், வேலைச்சூழல் ஆகியவை கெட்டால் மனம் கசக்கும். சீரானால் கசப்பு தீருமே தவிர நிறைவு பிறக்காது. நிறைவைத் தருபவை சாதித்த உணர்வு, அங்கீகாரம், பொறுப்பு, வேலையின் சுவை. இதுதான் அவர்கள் கண்டது.

மட்டக்களப்பு வாவிக்கரையில் நின்று பார்த்தால் அந்தப் பிரிப்பு எனக்குச் சரியாகப் படவில்லை.

கணிதத்துக்கோ விஞ்ஞானத்துக்கோ ஆலோசகராக இருப்பவருக்குச் சாதாரண தரப் பெறுபேறு ஆண்டுதோறும் கைக்கு வரும். விசேட கல்வியில் அப்படியொரு தாள் வராது. போன தவணை பென்சிலைப் பிடிக்க மறுத்த பிள்ளை இன்று கோடு இழுக்கிறது. கழிவறைக்குப் போக வேண்டும் என்று சைகையால் கேட்கிறது. பெறுபேறு இதுதான். இதைக் கண்டுகொள்ள, அதே பிள்ளையை முன்பும் பார்த்திருக்க வேண்டும். ஒருமுறை வந்து புத்தகத்தில் குறிப்பெழுதிவிட்டுப் போகிறவரின் கண்ணில் அது படாது. ஆகவே இந்தத் தொழிலின் நிறைவு திரும்பத் திரும்பப் போவதில் இருக்கிறது.

திரும்பத் திரும்பப் போவதற்கோ பாதை வேண்டும், பெற்றோல் வேண்டும். அமிர்தகழியில் மாமாங்கேஸ்வரர் கோயில் பக்கம் குடியிருக்கும் ஒருவருக்கு, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் உள்ள பாடசாலைகள் பொறுப்பாகக் கிடைத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுப் பக்கம் போக வேண்டும்; உள்ளே போகப் போகப் பஸ் குறையும். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கம் கடக்க ஓடப்பாதைதான் இருந்தது. 2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்ட மாதங்களில் தூரத்துப் பாடசாலைகள் இன்னும் தூரமாயின. ஹேர்ஸ்பேர்க்கின் பிரிப்பில் வேலைச்சூழல் பக்கம் ஒதுங்கும் போக்குவரத்துச் செலவு, இங்கே சாதித்த உணர்வுக்கே வாசல். பெற்றோல் காசு கிடைக்காத ஆலோசகருக்குக் களைப்பு மட்டும் மிஞ்சவில்லை. அந்தப் பிள்ளை கோடு இழுத்ததைக் காணும் வாய்ப்பும் போய்விடுகிறது.

இதைவிட மனதைத் தின்னும் விடயம் ஒன்று உண்டு. அலகில் இருக்கும் ஆசிரியை, லீவில் நிற்கும் இன்னொருவரின் வகுப்பைப் பார்க்க அனுப்பப்படுவார். அலகுப் பிள்ளைகள் ஒரு மூலையில் இருப்பார்கள். ஆலோசகர் அதைக் கண்டாலும் அதிபரிடம் கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். நேரசூசி அவர் கையில் இல்லை. பொறுப்பு உண்டு, அதிகாரம் இல்லை என்ற இந்த நிலை, சம்பளக் குறையைவிட ஆழமாகச் சுடும் என்றே நினைக்கிறேன்.

சட்டமோ காலப்போக்கில் இந்த மேற்பார்வையாளர்களிடம் கூடுதலாகக் கேட்கிறது. மாற்றுத்திறனைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுக்கக்கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. 2016இல் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் கட்டாயக் கல்வி வயது 5 முதல் 16 ஆனது. பிள்ளைகள் பாடசாலைக்குள் வரத்தான் வேண்டும். வந்தபின் அவர்களைத் தொடர்ந்து பார்க்கிற கண்ணுக்கும் ஏற்பாடு வேண்டாமா?

பயணப்படியை முன்கூட்டியே கொடுப்பதும், ஒரே ஆலோசகரை ஒரே பாடசாலைகளுக்குச் சில ஆண்டுகளாவது விட்டுவைப்பதும் பெரிய சீர்திருத்தம் இல்லை. வலய மட்டத்திலும் மாகாண மட்டத்திலும் உள்ளவர்கள் மனம் வைத்தால் அடுத்த தவணையே தொடங்கலாம். அலகு ஆசிரியையை வேறு வகுப்புக்கு அனுப்பாதிருப்பது மட்டும் அதிபர்களின் கையில் இருக்கிறது. அவர்களுடைய நெருக்கடி வேறு. அதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.

(தொடரும்)