பிறப்பா, வளர்ப்பா? பொன்னர் சங்கரும் பெரிய கங்காணியும்

இலங்கை மலையகத்தின் ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் விடிய விடிய ஆடப்படும் பொன்னர் சங்கர் கூத்தின் நாயகர்கள் இருவரும் இரட்டையர். 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்த தொழிலாளர், காமன் கூத்து, அருச்சுனன் தபசு ஆகியவற்றோடு இந்தக் கதையையும் கொண்டுவந்தனர். ஒரு வீரன் பிறப்பால் ஆகிறானா, வளர்ப்பால் ஆகிறானா என்ற கேள்விக்கு இதைவிடச் செறிவான கதை தமிழில் அரிது.

கொங்கு நாட்டில் 1965இல் பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் ஒலிப்பதிவு செய்த வடிவத்தில், பங்காளிகளின் பகைக்கு அஞ்சிப் பிறந்த கையோடு குழந்தைகள் தாய் தாமரையிடமிருந்து மறைக்கப்படுகின்றனர். செல்லாண்டியம்மன் கோயிலுக்கு அடியில் புலிப்பாலும் யானைப்பாலும் குடித்து வளர்கின்றனர். சங்கர் பீமனின் மறுபிறப்பு என்றும் அதே கதை சொல்கிறது. உயிர் பாண்டவருடையது, பால் காட்டு விலங்குடையது. கதைசொல்லி இரண்டில் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆனால் ஒரே கருவறை, ஒரே மறைவிடம், ஒரே பால் என்று வளர்ந்த இருவரும் ஒன்றுபோல் இல்லை. பொன்னர் பொறுமைசாலி, சங்கரோ சொல்லி முடிப்பதற்குள் வாளை உருவுகிறவன். அறிவியல் நெடுநாள் முட்டிமோதிய இடமும் இதுதான். ஆங்கிலேயரான பிரான்சிஸ் கால்டன் 1874இல் பிறப்பையும் வளர்ப்பையும் எதிரெதிரே நிறுத்தி நூல் எழுதினார். அடுத்த ஆண்டே இரட்டையரை ஒப்பிட்டு விடை தேடினார். 2015இல் வெளியான பெருந்தொகுப்பாய்வு ஒன்று, 50 ஆண்டுக்கால இரட்டையர் ஆய்வுகளைச் சேர்த்து, 1 கோடியே 45 லட்சம் இணைகளின் தரவுகளை அலசியது. மனிதப் பண்புகளில் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் சராசரியாக 49 வீதம் மரபணு வழி வருகிறது என்பது அதன் முடிவு. குணத்தைப் பொறுத்தவரை, உடன்பிறந்தோர் பகிர்ந்துகொள்ளும் வீட்டுச் சூழலைவிட, ஒவ்வொருவரும் தனித்தனியே எதிர்கொள்ளும் அனுபவங்களின் பங்கே பெரிது என்பதும் இத்துறையில் மீண்டும் மீண்டும் தெரியவந்திருக்கிறது. ஒரே கோயிலடியில் வளர்ந்தும் இருவர் இருவேறு மனிதர்களாவது வியப்பில்லை.

இந்தக் கணக்கைத் தேயிலைச் செடியிலேயே கண்ணால் பார்க்கலாம். பழைய மலைகளில் நிற்பது விதையிலிருந்து முளைத்த தேயிலை. அதில் ஒரு செடியின் இலை இன்னொன்றைப் போல் இராது. பிற்காலத்தில் நட்ட விபி தேயிலையோ, ஒரு தாய்ச்செடியின் கொப்பிலிருந்து ஓர் இலையும் அதன் அடியில் ஒரு மொட்டும் இருக்குமாறு வெட்டி வேர்விடச் செய்தது. 1925இல் தொடங்கிய தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இத்தகைய இனங்களைத் தேர்ந்து பரப்பியது. அவ்வாறு வந்த செடிகள் அத்தனையும் மரபணுவில் ஒன்றே. ஆனாலும் அதே இனத்தை 1,800 மீற்றருக்கு மேலே நுவரெலியாக் குளிரில் நட்டால் கொழுந்து மெல்ல வளரும். சாயம் வெளிர்ந்து மணம் தூக்கும். இரத்தினபுரித் தாழ்நிலத்தில் நட்டால் சாயம் கடுமையாக இறங்கும். இடுப்பளவில் தட்டையாக நிற்கும் செடியின் அடித்தண்டைக் குனிந்து பார்த்தால், கவ்வாத்துக் கத்தி வெட்டிய இடமெல்லாம் முடிச்சு முடிச்சாகப் பருத்திருக்கும். கவ்வாத்து இல்லாமல் விட்டால் அதே செடி மரமாக உயரும்.

மலையகக் கதைகளின் வில்லன் பெரும்பாலும், தொழிலாளரைத் திரட்டி வந்து வேலை வாங்கிய கங்காணி. அவன் வெளியூர்க்காரன் அல்லன். தொழிலாளர்களின் ஊரிலிருந்து, சில வேளை அவர்களின் உறவிலிருந்தே வந்தவன். அவன் கொடுமைக்கு இரத்தத்தில் காரணம் தேட இடமில்லை. வேலைக்கு இறங்கிய தலை ஒவ்வொன்றுக்கும் அவனுக்குத் தலைக்காசு கிடைத்தது. கொடுத்த முன்பணம் தொழிலாளியின் தலையில் கடனாக நின்றது. அந்தக் கடன் ‘துண்டு’ என்ற தாளில் எழுதப்பட்டது. புதிய தோட்டம் அதைத் தீர்த்தால்தான் ஆள் இடம் மாற முடியும். 1921இல்தான் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. அதுவரை பிறரைக் கடனில் வைத்திருப்பதே கங்காணியின் பிழைப்பாக இருந்தது. அவனைப் பிறவிக் கொடியவனாகத் தீட்டும் கதை, இந்த ஏற்பாட்டையே வாசகர் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972-73இல் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, கொடுமையின் காரணம் இரத்தத்தில் மட்டும் இல்லை என்பதற்கு அருகிலான ஒன்றை 2002இல் கண்டது. மூளையில் சில வேதிப்பொருட்களைச் சிதைக்கும் நொதியின் செயற்பாட்டைக் குறைக்கும் ஒரு மரபணு வடிவம் உடைய ஆண்களில், சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களிடமே பிற்கால வன்முறை தூக்கலாகத் தெரிந்தது. கொடுமை காணாமல் வளர்ந்தோரிடம் அதே மரபணு அத்தகைய விளைவைக் காட்டவில்லை. பின்வந்த ஆய்வுகள் எல்லாம் இதை ஒரே அளவில் உறுதிசெய்யவில்லை. ஆயினும் மரபணுவைத் தனியே பிரித்துப் பேச முடியாது என்ற பார்வை இந்த ஆய்வால் வலுத்தது.

கூத்தில் அண்ணன் தம்பியோடு தோளுக்குத் தோள் நிற்கும் சாம்புவன், தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்தவன். கொம்பன் பன்றியை வேட்டையாடும் வீரத்தில் அவனை விலக்கிவிட்டுக் கதையைச் சொல்ல முடியாது. தோட்டங்களுக்கு வந்தவர்களில் பெரும்பான்மையோர் அவன் சாதியை ஒத்த சாதியினர். பிறப்பே தகுதி என்று ஊரில் கேட்டுப் பழகிய அவர்கள், தங்கள் குடியிருப்பான லயத்து முற்றத்தில் அவனை வீரனாக ஆடிக் காட்டினர்.

மலையக இலக்கியத்தின் முன்னோடி சி.வி. வேலுப்பிள்ளை, 1914இல் மடகொம்பரைத் தோட்டத்தில் பெரிய கங்காணிக் குடும்பத்தில் பிறந்தவர். ஆனாலும் தொழிற்சங்கத்தில் இறங்கி, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். லயத்து மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். ‘வீடற்றவன்’ நாவலில் அவர் நாயகனாக்கியது, தோட்டத்தில் சங்கம் அமைக்கத் துணிந்த ஒரு தொழிலாளியை.